ஏதோ சுமாரான வடகம்

எங்கள் வில்லியனூர் கம்யூனில் எவனும் தன் பொருளைத் தானே நல்லது என்று சொல்லமாட்டான். சொன்னால் கண் பட்டுவிடும். கதிர் பாரம் தாங்காமல் வயலே சாய்ந்து கிடக்கும்போது போய் விளைச்சல் எப்படி என்று கேளுங்கள், ஏதோ நாலு கதிர் தலைகாட்டியிருக்கிறது என்பான். குடம் வழியக் கறக்கிற மாட்டை வைத்திருப்பவள், ஏதோ சொம்பு நனைகிறது என்பாள். இடுப்பு ஒடிகிற அளவுக்குக் கொழுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "சோறே துன்றதில்ல, சவலை" என்று பெற்றவள் மூக்கைச் சிந்துவாள். மருமகள் மோசம் என்று மாமியார் சொல்வது ஒன்றுதான் எங்கள் ஊரில் மனதாரச் சொல்லப்படும் வார்த்தை.

உள்ளூருக்குள் இதனால் ஒரு குறையும் இல்லை. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். கடல் தாண்டி வியாபாரம் பண்ணப் புறப்பட்டபோதுதான் வினை பிடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது நடந்தது இது.

கூடப்பாக்கத்தில் கனகாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவன். போன புதிதில் பட்டுத்துணி வந்தது, பிறகு விசாரிப்பு மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கனகாம்பாள் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று ஊர்ப் பெரியவர்கள் வருஷக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். மிச்சமிருந்தது ஒரே பிள்ளை, அய்யனார்.

பிழைப்புக்கு வடகம் போட்டாள். சித்திரை, வைகாசியில் சின்ன வெங்காயம் மலிவாகும்போது வாங்கி, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, உருண்டை பிடித்து வெயிலில் போடுவாள். சாயங்காலமானால் எடுத்து உதிர்த்து மறுபடி பிசைந்து உருட்டுவாள். ஈரம் சுண்டி உருண்டை கருத்து வரும்வரை இதே வேலை. கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பானையில் அடைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. எந்தக் குழம்புக்கும் ஒரு சிட்டிகை கிள்ளித் தாளித்தால் போதும். அவள் வடகம் காய்கிற தெருவில் சண்டைக்கு வந்தவன்கூட ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான். கேட்டால் அவள் சொல்வது, "ஏதோ சுமாரா இருக்கும்."

அய்யனாருக்கு மீசை அரும்பியதும் சைகோன் ஆசை பிடித்தது. அங்கே போய் வந்தவர்கள் வெள்ளை பூட்சும் கிராமபோன் பெட்டியுமாக வில்லியனூர்த் தேரடியில் நின்று சுருட்டுப் பிடிப்பார்கள். போய் வராதவர்கள் தேரடியில் நிற்பதில்லை என்பதால், போனவர்கள் எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள் என்றே அவன் நினைத்தான். ஆள் சேர்க்கிற ஏஜெண்டிடம் வார்த்தையும் கொடுத்துவிட்டான்.

கனகாம்பாளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. புருஷனைக் கொடுத்த கடலுக்குப் பிள்ளையையும் கொடுக்க அவள் தயாராயில்லை. "இங்கியே கைநெறைய வேல இருந்தா போவாம இருப்பியாடா?" என்று கேட்டாள்.

"இங்க இன்னா வேல கீது? வெங்காயம் உரிக்கவா?"

"என் வடகத்த ஊருக்கு ஊர் அனுப்புற அளவுக்கு யாபாரம் வந்தா?"

அவன் சிரித்தான். "உன் வடகம் கப்பலேறட்டும்மா. அன்னிக்கு நான் கப்பலேற மாட்டேன். சத்தியமா."

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் கனகாம்பாள் அந்தச் சத்தியத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே வில்லியனூர் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

அங்கே மளிகைக்கடை வைத்திருந்த அமீர் ஹம்சா, வருஷா வருஷம் அவள் வடகத்தை வாங்கி விற்பவர். அவருடைய மச்சான் ஹபீப் முகமது ரெயூனியன் தீவில் கடை போட்டிருந்தான். எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் தீவைப் பழைய பெயரில் புர்போன் என்றுதான் சொல்வார்கள். தாத்தா காலத்தில் கரும்பு வெட்டப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். தமிழ் அநேகமாகப் போய்விட்டது, சாமி பெயர்கள் பாதி போய்விட்டன, குழம்பு மட்டும் போகவில்லை. ஹபீப் முகமது ஒரு தடவை ஊருக்கு வந்தபோது கனகாம்பாள் வடகத்தைச் சட்டி நிறையக் கொண்டுபோனான். அங்கே கிழவிகள் அதை மோந்து பார்த்துவிட்டுக் கடைவாசலிலேயே உட்கார்ந்து அழுதார்களாம். சட்டியையும் கேட்டு வாங்கிப் போனார்களாம்.

"நீ வந்ததும் நல்லதாப் போச்சும்மா" என்றார் அமீர் ஹம்சா. "தீவுக்குப் போற கப்பல்ல நம்ம சின்னச் சின்னக் குடியானவங்க சரக்கையும் ஏத்தப் போறாங்களாம். கூலி கெடையாது, தீர்வை கெடையாது. அதுக்குன்னு போட்ட கமிட்டியிலேர்ந்து ஒரு முசியே வந்து சரக்கப் பாத்து எடுப்பாராம். நீ வடகத்தோட வந்துடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

குறித்த நாளில் மேரி வாசலில் கூட்டமான கூட்டம். மேரி என்றால் கம்யூன் அலுவலகம். பாகூரிலிருந்து சாமிக்கண்ணு வெல்லம் கொண்டுவந்திருந்தார். ஊறுகாய், எள்ளுருண்டை, அப்பளம், மிளகாய் வற்றல் என்று ஆளாளுக்கு ஒரு கூடை. உள்ளே மேஜைக்குப் பின்னால் முசியே, அந்தப் பிரெஞ்சுத் துரை. கெட்ட மனிதர் இல்லை. இந்த ஏழைகளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார், அதனால்தான் இவ்வளவு கஷ்டம். பக்கத்தில் மொழிபெயர்க்கச் சிவப்பிரகாசம். புதுச்சேரிப் பட்டணத்து ஆள். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை அவர் உயிரைப்போலக் காப்பாற்றி வந்தார்.

முதலில் சாமிக்கண்ணு. வெல்லம் நல்ல வெல்லமா என்று கேட்டார்கள். "கசக்காதுங்க" என்றார் சாமிக்கண்ணு. சிவப்பிரகாசம் அதை அப்படியே சொன்னார். முசியே உதட்டைப் பிதுக்கினார்.

கனகாம்பாள் முறை வந்தது. முசியே ஒரு உருண்டையை எடுத்து மோந்து பார்த்து, சட்டென்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இது உயர்ந்த சரக்கான்னு துரை கேட்கிறார்" என்றார் சிவப்பிரகாசம்.

கனகாம்பாள் சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் சுற்றி நிற்கும்போது, இத்தனை கண்கள் பார்க்கும்போது, பிள்ளையின் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருக்கிற பொருளைப் போய் உயர்ந்தது என்று சொல்வதா? "எங்க சாமி, ஏதோ வெங்காயத்த இடிச்சி உருட்டி வெச்சிகீறேன். வாயில வெக்கலாம்."

வாயில் வைக்கலாமாம் என்று பிரெஞ்சில் போயிற்று.

"எத்தனை மாசத்துக்குக் கெடாமல் இருக்கும்?"

"அத்த யாரு கண்டா? ஆண்டவன் வுட்ட வழி."

"இந்த ஊரில் இதைவிட நன்றாகச் செய்கிறவர்கள் யாராவது உண்டா?"

"அல்லாரும் என்னவிட நல்லாத்தான் செய்வாங்கோ."

ஜன்னலுக்கு வெளியே நின்ற அமீர் ஹம்சா தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்த்த முசியே, வியாபாரியாயிற்றே என்று அவரையும் கூப்பிட்டு, நீ இதை வாங்கி விற்கிறாயா, எப்படிப் போகிறது என்று கேட்டார். அவரும் இந்தக் கம்யூனில் பிறந்து வளர்ந்தவர்தானே. "ஏதோ ஓடுது, முசியே" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்று ஒரே ஒரு ஆளின் சரக்குத்தான் தேறியது. பட்டணத்திலிருந்து வந்த வீரப்பன் என்கிற தரகன், ஈரப்புளியை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தான். "ஒலகத்துல இப்பிடி ஒரு புளி கெடையாதுங்க! தேனு! ராஜாக்கள் வூட்டுப் புளி!" என்று கையைத் தூக்கிக் கூவினான். முசியேவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. தன் சரக்கைத் தானே நம்புகிற ஒருவனாவது இந்தக் கூட்டத்தில் இருக்கிறானே!

வெளியே வந்து அமீர் ஹம்சா கத்தினார். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நல்லாருக்கும்னு சொன்னா இன்னாம்மா கொறைஞ்சுபூடும் உனக்கு?"

"நீ சொல்றதுதானே பாய்!"

அவர் விறுவிறுவென்று கடையைப் பார்த்து நடந்தார்.

அய்யனார் ஏஜெண்டிடம் மறுபடி போய்வர ஆரம்பித்தான். கனகாம்பாள் வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

புளி கப்பலேறிப் போயிற்று. தீவில் மூட்டையை அவிழ்த்தபோது புளியைவிடப் புழு அதிகம். துறைமுகத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிக் கொளுத்தினார்களாம். முசியேவுக்கு மேலிடத்திலிருந்து வசவு வந்தது. அடுத்த கப்பலிலும் இப்படி நடந்தால் வேறு ஏதாவது காட்டுக்கு மாற்றிவிடுவோம் என்றார்களாம். பாவம், மனிதர் இளைத்துப்போனார்.

இதுதான் சமயம் என்று அமீர் ஹம்சா முசியேவையும் சிவப்பிரகாசத்தையும் தம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கொடுவா மீன் வந்தது. அவர் மனைவி சபுரா குழம்பு வைத்து, கடைசியில் கனகாம்பாள் வடகத்தைக் கிள்ளித் தாளித்தாள். முசியே முதல் கவளத்தில் இருமினார். இரண்டாவதில் கோட்டைக் கழற்றினார். அப்புறம் பேச்சே இல்லை. கண்ணில் நீர் வழிய வழியத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, இந்த வாசனை எதில் இருக்கிறது என்று கேட்டார்.

"நீங்க வேணாம்னு தள்ளுன வடகத்துல" என்றார் அமீர் ஹம்சா.

"அந்த அம்மாளே அது மட்டம் என்றாளே!"

அமீர் ஹம்சா கைகழுவிவிட்டு வந்து நிதானமாக உட்கார்ந்தார். "முசியே, இந்த ஊரு யாபாரத்த நான் ஒரே வார்த்தையில சொல்றேன். எவன் தன் சரக்கு நல்லதுன்றானோ அத்தத் தொடாதீங்க. எவன் சுமார்ன்றானோ அத்த வாங்குங்க. எவன் மட்டம்னு அழுவுறானோ, அவன வுடவே வுடாதீங்க." கண் படுவது பற்றியும் விளக்கினார். சிவப்பிரகாசம் ஒரு சொல் விடாமல் பெயர்த்தார்.

முசியேவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தும் பிடிபடாத ரகசியம் பிடிபட்டுவிட்டது. அன்றிலிருந்து பட்டணத்தில் யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வடகம் வேண்டும், கப்பல் கொள்கிற அளவுக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கனகாம்பாள் ஒருத்தியால் ஆகுமா? தெருவே இறங்கியது. பக்கத்து வீட்டுக் கலியம்மாள் தோட்டத்து வெங்காயத்தை அப்படியே கொண்டுவந்து கொட்டினாள். காட்டேரிக்குப்பத்திலிருந்து வண்டி வண்டியாக வந்தது. வயல்வேலைக்குப் போகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு உரலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தெரு நெடுகப் பாயில் கறுப்பு உருண்டைகள். தகரத்தில் அடைத்தால் வேர்த்துவிடும் என்று பனையோலைப் பெட்டி முடையக் கொடுத்தார்கள். அய்யனாரும் ஏஜெண்டிடம் போய், "நான் வரலப்பா, எங்கம்மா ஜெயிச்சிட்டாங்கோ" என்று சொல்லிவிட்டு வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உருண்டை புரட்டினான்.

அவனைப் பார்க்கப் பார்க்கக் கனகாம்பாளுக்கு நெஞ்சு விம்மியது. என்ன கெட்டிக்காரத்தனம், என்ன பாடு! பெண்கள் அவனைப் புகழ்ந்தால் மட்டும், "அட போங்கடி, தடிமாடு, ஒண்ணுத்துக்கும் ஒதவாது" என்று வாயை அடைத்துவிட்டு, சாயங்காலம் அவனை உட்காரவைத்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அவள் வாழ்நாளிலேயே சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான் என்று நான் நினைக்கிறேன்.

பெட்டி கட்டுகிற நேரத்தில் முசியே தெருவுக்கே வந்துவிட்டார். கூடவே சிவப்பிரகாசம், அமீர் ஹம்சா. சரக்கு எப்படி என்று கேட்டார்.

"மட்டம் சாமி. வெறும் நாத்தம்" என்றாள் கனகாம்பாள்.

முசியே வாயெல்லாம் பல்லாகக் கையைத் தட்டினார். "அருமை! எடுத்துக்கொள்கிறோம்" என்றார். பெண்கள் குலவை போடாத குறை.

பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். புளி ஏன் கெட்டது? கூடப் போய்ப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இந்தத் தடவை சரக்கோடு அதன் பக்குவம் தெரிந்த ஒருவர் போக வேண்டும். வழியெல்லாம் வெயில் காட்ட வேண்டும். தீவிலேயே தங்கி, அடுத்தடுத்து வருகிற சரக்கை வாங்கி விற்க வேண்டும். கமிட்டியின் புது விதி. சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தவர், "அங்கே உருண்டை புரட்டுகிற வாலிபன் யார்?" என்றார்.

கனகாம்பாள் அவனை மறைத்துக்கொண்டு நின்றாள். "எம்புள்ள" என்றாள்.

"எப்படிப்பட்டவன்?"

பிறந்த நாள் முதல் அவனைக் குறைத்தே பேசியவள்தான். ஆனால் இந்தத் தடவை கண்ணுக்குப் பயந்து சொல்லவில்லை, மனசறிந்து பொய் சொன்னாள். "ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன் சாமி. சோம்பேறி. வாயத் தொறந்தா பொய்யி. கையும் சுத்தமில்ல. இவன நம்பி ஒரு உருண்டை குடுக்க முடியாது. வேற யாரனா பாருங்க சாமி, உங்க கால்ல வுழறேன்."

சிவப்பிரகாசம் ஒன்றையும் விடவில்லை. சோம்பேறி, பொய்யன், திருடன், எல்லாம் ஒழுங்காக வரிசையாகப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் முசியேவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "இவ்வளவு மோசமா!" என்று துள்ளியே விட்டார். "இப்படி ஒருவனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்."

அமீர் ஹம்சாவுக்கு விஷயம் புரிந்து வியர்த்துவிட்டது. "முசியே, நான் சொன்னது சரக்குக்கு. புள்ளைங்களுக்கு இல்ல. இந்தப் பையன் நெசமாவே சரிப்பட மாட்டான்."

முசியே அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். "நீயும் இந்த ஊர்க்காரன்தானே!"

"நான் அனுப்ப மாட்டேன்" என்று கனகாம்பாள் கத்தினாள். ஆள் போகாவிட்டால் சரக்கும் போகாது என்று முசியே சொன்னதைச் சிவப்பிரகாசம் சொன்னார். பாய் பாயாக வடகம் கிடந்தது. கூலிக்குப் போகாமல் உருட்டின பெண்கள் எல்லோரும் கனகாம்பாளையே பார்த்தார்கள். ஒருத்தியும் போ என்று சொல்லவில்லை. கலியம்மாள் மட்டும், "யக்கா, எங்கூட்டு வெங்காயம் அத்தினியும் உருட்டியாச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

"நான் போறேம்மா" என்றான் அய்யனார்.

"ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணியேடா!"

"அது சைகோன் கப்பலும்மா. இது நம்ப வடகம் போற கப்பலு." அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவனால் மறைக்க முடியவில்லை. அதைப் பார்த்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புதுச்சேரிக் கடற்கரையில் கப்பல் தூரத்தில் நின்றது. சரக்கையும் ஆளையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய்த்தான் கப்பலில் சேர்ப்பார்கள். ஓலைப்பெட்டிகள் ஏறின. கடைசிப் பெட்டியின் மேல் அய்யனார் ஏறி உட்கார்ந்தான். புதுச் சட்டை, தலையில் முசியே கொடுத்த தொப்பி. படகு நகர்ந்தது.

கனகாம்பாள் அதுவரை அழவில்லை. படகு அலையைத் தாண்டித் தூக்கிப் போட்டபோது உடைந்துவிட்டாள். மணலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். "எஞ்சாமி! என் தங்கமே! உன்னாட்டம் ஒரு புள்ளய எவடா பெத்தா? ஒரு நாளு பொய் சொன்னதில்லியே! அடுத்தவங்க பொருள் மேல ஆசப்பட்டதில்லியே! பொழுதுக்கும் ஒழைக்குமே எங்கொழந்த!" யார் கண் பட்டாலும் படட்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

என்ன சொல்கிறாள் என்று முசியே கேட்டார். சிவப்பிரகாசம் சொன்னார். தங்கம், பொய் சொல்லாதவன், திருடாதவன், உழைப்பாளி.

முசியே பேயறைந்ததுபோல நின்றார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டு தண்ணீர்வரைக்கும் ஓடிப் படகுக்காரர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டார். அலைச் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. வழியனுப்புகிறார் என்று நினைத்து அய்யனாரும் தன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

"தொர இன்னாத்துக்கு ஓடுறாரு?" என்று கனகாம்பாள் கேட்டாள்.

சிவப்பிரகாசம் அதையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். "உங்க பையன் அயோக்கியன்னு துரைக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாம். இவனை அனுப்ப முடியாது, திருப்பிக் கூப்பிடுங்கன்றார்."

கனகாம்பாள் அவர் முகத்தையே பார்த்தாள். புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து, சேலை மணலில் புரள ஓடி, முசியேவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவன் சாமி! ரொம்ப நல்லவன்! எம்புள்ள மாதிரி நல்லவன் ஒலகத்துல கெடையாது சாமி! இன்னும் சொல்றேன் கேளுங்க..."

சிவப்பிரகாசம் பெயர்க்கப் பெயர்க்க, முசியே நடுங்கிப்போய்த் தலையை ஆட்டி ஆட்டி ஒப்புக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கப்பல் ஊதிவிட்டுக் கிளம்பிப் போன பிறகும்.